மெய்டன் மருதம்: மாறாப் பாட்டுவரிசை பற்றி ஓர் ஊடல் ஆராய்ச்சி

பாயிரம்

பாயிரம் இல்லாத நூல் நூலாகாது என்று முன்னோர் விதித்துவிட்டுப் போயிருப்பதால் அதிலிருந்தே தொடங்குவோம். இந்நூல் நுதலிய பொருள் யாதோ எனின், ஐம்பது ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ஹெவி மெட்டல் குழு ஊர் ஊராகப் போய், பெரும்பாலும் அதே பாட்டுகளை, பெரும்பாலும் அதே இடத்தில், அதே நெருப்பையும் அதே பூதத்தையும் காட்டி வாசிப்பதும், அது கண்டு ரசிகன் பல்லைக் கடிப்பதும், கடித்த பல்லைத் தளர்த்தாமலே அடுத்த டிக்கெட்டை வாங்குவதும் ஆம்.

குழு அயர்ன் மெய்டன். 1975 கிறிஸ்துமஸ் நாளில், கிழக்கு லண்டனின் லெய்ட்டன் வட்டாரத்து இளைஞர் ஸ்டீவ் ஹாரிஸ் தொடங்கியது. அன்று முதல் இன்று வரை அவர்தான் பேஸ் கிட்டார். அதைத் துப்பாக்கி போலக் கூட்டத்தின் பக்கம் நீட்டிக் குறிபார்ப்பதும் அவர் வழக்கம். முதல் ஆல்பம் 1980இல். பதினேழாவதான 'செஞ்சுட்ஸு' 2021இல்.

நூல் கேட்டற்கு உரியார் யார் எனின், ஒரு பாட்டின் முதல் மூன்று சுரத்திலேயே "ஐயோ, மறுபடியும் இதா" என்று முனகிவிட்டு, நான்காவது சுரத்தில் கையைத் தூக்கிவிடுகிறவர்கள். பயன் யாது எனின், ஒன்றுமில்லை. பயனில்லாத ஆராய்ச்சிக்கும் பட்டம் தரும் வழக்கம் நம்மிடம் இருப்பதால் துணிந்தேன். இத்துறையில் முன்னாய்வுகள் என்று சொல்லிக்கொள்ள எதுவும் அகப்படவில்லை. இறங்கியவர்கள் எல்லோரும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்ததில் எழுத்து வேலை நகராமல் போயிருக்க வேண்டும்.

மூலபாடங்களுக்கு மட்டும் பஞ்சமில்லை. இக்குழு தன் கச்சேரிகளைத் தானே பதிப்பித்துக்கொண்டிருக்கிறது. 1985இல் 'லைவ் ஆஃப்டர் டெத்', 1993இல் ஒரே ஆண்டில் மூன்று, 2002இல் 'ராக் இன் ரியோ', அப்புறம் 2005, 2009, 2012, 2017, 2020 என்று சுவடிகள் குவிந்து கிடக்கின்றன. ஏடுகளை ஒப்பிட்டுப் பதிப்பிக்கும் அறிஞர்களுக்குப் பாடவேறுபாடுதான் உயிர். இங்கே இரவு பகலாக விழித்து ஒப்பிட்டுப் பார்த்தால் அகப்படும் பாடவேறுபாடு பல இடங்களில் ஒன்றே ஒன்றுதான்: ஊரின் பெயர்.

திணை துணிதல்

இக்கச்சேரிகளை எந்தத் திணையில் அடக்குவது என்பதில் கருத்து வேற்றுமை உண்டு. வாளும் குதிரையும் குண்டும் வருவதால் புறத்திணை என்பார் ஒருசாரார். பாட்டின் பொருளை மட்டும் பார்த்தால் அவர்கள் சொல்வது சரி. 'த ட்ரூப்பர்', 1854இல் கிரிமியப் போரின்போது பாலக்லாவாவில் பீரங்கிகளுக்கு நேராகப் பாய்ந்த குதிரைப்படையின் கதை. 'ஏசஸ் ஹை', 1940இல் இங்கிலாந்தின் மேல் நடந்த வான்போர். தும்பை என்று எழுதிவிட்டு விளக்கை அணைக்கலாம். ஆனால் நாம் எடுத்துக்கொண்டது பாட்டை அன்று; பாட்டுக்காரனுக்கும் கேட்கிறவனுக்கும் நடுவே நடக்கும் விவகாரத்தை. அது அகம். அகத்திலும் மருதம். உரிப்பொருள், ஊடலும் ஊடல் நிமித்தமும்.

நிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வயலும் வயல் சார்ந்த இடமும் மருதம். ஜெர்மனியின் வடக்கே வாக்கன் என்றொரு சிற்றூர். உழவர்கள் வாழும் ஊர். ஆண்டுக்கு ஒருமுறை கோடையில் அதன் வயல்வெளியில் உலகத்து மெட்டல் கூட்டமெல்லாம் கூடும். 2023இல் மழை கொட்டித் தீர்த்து, வெளியெல்லாம் சேறாகி, இனி ஒருவரையும் உள்ளே விடுவதற்கில்லை என்று விழா நடத்துகிறவர்களே வாயிலைச் சாத்திவிட்டார்கள். அதற்கு முன்பே உள்ளே போய்விட்டவர்கள் சேற்றில் காலூன்றி நின்று மெய்டனைக் கேட்டார்கள். கையில் ஆளுக்கொரு நாற்றுமுடி கொடுத்திருந்தால் நடவு முடிந்திருக்கும்.

கருப்பொருளும் ஒத்தே வருகிறது. தெய்வம் எடி, டெரெக் ரிக்ஸ் என்ற ஓவியர் வரைந்து, முதல் ஆல்பத்தின் அட்டையில் ஏறி, பின்பு இறங்க மறுத்த பூதம். மருதத்துக்குரிய விலங்கு எருமை. இங்கே 1982 முதல் 666 என்று எண்ணிட்ட வேறொரு விலங்கு. உணவு, செந்நெல்லுக்குப் பதில் பார்லி: குழுவின் பெயரால் 2013 முதல் ஓர் ஆங்கிலேய பீர் ஆலை வடித்துத் தரும் 'ட்ரூப்பர்' பீர். யாழ், 1999இல் பிரிந்து போனவர்கள் திரும்பி வந்ததிலிருந்து மூன்று கிட்டார். தொழில், கழுத்தெலும்பைத் தேய்த்தல். சிறுபொழுதைக் காட்ட மணி வேண்டாம். யூ.எஃப்.ஓ. என்ற வேறொரு குழுவின் 'டாக்டர் டாக்டர்' ஒலிபெருக்கியில் ஒலித்தால் கச்சேரி தொடங்கப் போகிறது. மான்ட்டி பைத்தான் கூட்டத்தின் நகைச்சுவைப் பாட்டு ஒலித்தால் முடிந்துவிட்டது, வீட்டுக்குப் போகலாம். இவ்விரண்டும் எத்தனையோ ஆண்டுகளாக மாறவில்லை. வாசிக்கும் பாட்டு மாறாதது இருக்கட்டும், வாசிக்காத பாட்டும் மாறாத கச்சேரி இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

இனி உரிப்பொருள். மருதத் தலைவியின் மனக்குறை தலைவன் பிரிந்து போனது மட்டும் அன்று. தன்னிடம் சொன்ன அதே சொல்லை அவன் வேறொருத்தியிடமும் சொன்னான் என்று கேள்விப்படுவதுதான் நெஞ்சைச் சுடும். பாடகர் ப்ரூஸ் டிக்கின்சன் ஒவ்வொரு மேடையிலும், தனக்காகக் கூவும்படி கூட்டத்தைக் கேட்பார். கேட்கும்போது ஊரின் பெயரைச் சொல்லிக் கேட்பார். 'லைவ் ஆஃப்டர் டெத்' தட்டில் அந்தப் பெயர் லாங் பீச். கேட்கிறவனுக்கு உடம்பு சிலிர்க்கும். தன் ஊரை ஒருவன் இப்படி அழைத்ததே இல்லை என்று தோன்றும். மறுநாள் காலை, வேறு தேசத்தில் வேறு ஊரின் பெயர் அதே இடத்தில், அதே ஏற்றத்தில், அதே மூச்சு வாங்கலோடு பொருந்தியிருப்பதைக் கைபேசிக் காணொளியில் பார்க்கிறான். அங்கே பிறக்கிறது புலவி.

தூது செல்லும் பாணனாக நீண்ட காலம் இருப்பவர் மேலாளர் ராட் ஸ்மால்வுட். அடுத்த சுற்றுப்பயணம் இதுவரை காணாததாக இருக்கும் என்று அறிவிப்பு வரும். பாணன் சொல்லை நம்பக்கூடாது என்பது தலைவிக்குத் தெரியும். தோழியோ அதற்குள் டிக்கெட் வரிசையில் நிற்கிறாள்.

நிலைப்பாட்டு இயல்

எடிவரும் பாட்டும் இருட்டஞ்சும் பாட்டும்
கொடியசை பாட்டும் குறைவின்றி வருமே.

என்பது யாம் செய்த நூற்பா. இதன் பொருள்: எடி எழுந்து வரும் பாட்டாகிய 'அயர்ன் மெய்டன்', இருட்டுக்கு அஞ்சுவதாகிய 'ஃபியர் ஆஃப் த டார்க்', டிக்கின்சன் செந்நிறப் போர்ச்சட்டை அணிந்து கிழிந்த பிரிட்டிஷ் கொடியை ஆட்டுவதாகிய 'த ட்ரூப்பர்' ஆகிய மூன்றும் கச்சேரி தோறும் தவறாமல் வரும் என்றவாறு. 'குறைவின்றி' என்றது பெரும்பான்மை பற்றி. ஒன்றிரண்டு சுற்றுகளில் ஒன்றிரண்டு விலகியது உண்டு. விலகியது ஓய்வெடுக்க, திரும்பாமல் இருக்க அன்று.

இம்மூன்றில் முதலாவதன் மீது எனக்குப் புகார் இல்லை. குழுவின் பெயரே பாட்டின் பெயர், அதுவே முதல் ஆல்பத்தின் பெயரும். அது கோயிலின் மூலவர், நகர்த்தக் கேட்பது முறையாகாது. நடுவே உள்ளதுதான் ஆராய்ச்சிக்கு உரியது. 'ஃபியர் ஆஃப் த டார்க்' 1992ஆம் ஆண்டுப் பாட்டு. 2008இல் தொடங்கிய சுற்று எண்பதுகளின் மெய்டனை மீண்டும் காட்டுவதற்கென்றே அறிவிக்கப்பட்டது. அதிலும் இது இருந்தது. 2012இல் தொடங்கிய சுற்று 1988ஆம் ஆண்டு மேடையைத் திரும்ப எழுப்புவதற்கென்று, அதிலும் இருந்தது. எண்பதுகளின் ரயிலில் 1992 இரண்டு முறை டிக்கெட் இல்லாமல் பயணம் செய்திருக்கிறது, பரிசோதகர் ஒருவரும் கேட்கவில்லை. 2005இல் முதல் நான்கு ஆல்பங்களை மட்டும் வாசிப்போம் என்று கண்டிப்பாக நின்றபோதுதான் அதை மேடைக்கு வெளியே நிறுத்த முடிந்தது.

ஏன் இப்படி என்றால், அது இப்போது குழுவின் பாட்டே இல்லை. கிட்டார் தொடங்கும் முன் கூட்டம் தொடங்கிவிடுகிறது. சொல் இல்லாத கிட்டார் வரியைக்கூட ஐம்பதாயிரம் தொண்டைகள் ஓ, ஓ என்று இழுத்துப் பாடுகின்றன. 'ராக் இன் ரியோ' பதிவில் குழு பாட்டைக் கூட்டத்திடம் ஒப்படைத்துவிட்டுப் பக்கவாத்தியமாக நிற்பதைக் கேட்கலாம். இப்படிப்பட்ட பாட்டை வரிசையிலிருந்து எடுப்பது என்றால் ரசிகனின் வாயிலிருந்து எடுக்க வேண்டும். சலிப்பாக இருக்கிறது என்று சொல்லும் அதே வாய்தான் அது.

பின் எதனால்தான் ஒரு பாட்டு இறங்கும் எனின்,

வழக்கொன்று வந்தால் வழக்கமும் மாறும்.

'ஹாலோவ்ட் பி தை நேம்' 1982ஆம் ஆண்டுப் பாட்டு. தூக்குமேடைக்குப் போகும் கைதியின் கடைசி நேரம் பற்றியது. அதன் சில வரிகள் எழுபதுகளின் வேறொரு குழுவுடைய பாட்டிலிருந்து எடுக்கப்பட்டவை என்று வழக்கு வந்தது. 2017ஆம் ஆண்டுச் சுற்றில் அது வரிசையில் இல்லை. ரசிகன் ஆண்டுக்கணக்கில் கெஞ்சி ஒரு பழம்பாட்டையும் அசைக்க முடியவில்லை. வக்கீல் ஒரு நோட்டீஸில் அசைத்துவிட்டார். வழக்கு தீர்ந்தது. 2018இல் கைதி மறுபடியும் தூக்குமேடைக்கு வந்துவிட்டார்.

மறுப்போர் கூற்றும் அதன் மறுப்பும்

அற்றேல், ஒவ்வோர் இரவும் ஒரே வரிசையை வாசிப்பது மேடையின் தேவையால் அன்றோ எனின், ஓரளவு ஆம். மெய்டன் கச்சேரியில் ஒவ்வொரு பாட்டுக்கும் பின்னால் ஒரு காட்சி உண்டு. 2018இல் தொடங்கிய சுற்றில் 'ஏசஸ் ஹை' பாட்டுக்கு மேடையின் தலைக்குமேல் ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தின் மாதிரி ஒன்று தொங்கியது. அடுத்த பாட்டுக்கு அதை மேலே இழுக்க வேண்டும், திரையை மாற்ற வேண்டும், நெருப்பை எங்கே விடுவது என்று ஒருவர் கணக்குப் பார்க்க வேண்டும். ஹாரிஸுக்கு இன்று வேறு பாட்டு வாசிக்கத் தோன்றினால் விமானத்தை என்ன செய்வது? நம்மூர் நாடகக் கம்பெனிக்காரர்கள் இதைப் புரிந்துகொள்வார்கள். சீன் மாறாமல் வசனம் மாறினால் ராமர் அசோகவனத்தில் பட்டாபிஷேகம் செய்துகொள்ள வேண்டியிருக்கும்.

ஆயினும் இவ்வாதம் முழுதும் நிற்காது. மெட்டாலிக்கா குழுவுக்கும் பெரிய மேடைதான். சில டன் இரும்பைச் சுமந்துகொண்டுதான் அவர்களும் அலைகிறார்கள். 2023 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய சுற்றில் பெரும்பாலான ஊர்களில் இரண்டு இரவுகள், முதல் இரவில் வாசித்த ஒரு பாட்டும் இரண்டாம் இரவில் வராது என்று விளம்பரத்திலேயே உறுதி சொல்லி, அப்படியே செய்தார்கள். முடியாது என்பது வேறு, மாட்டேன் என்பது வேறு.

இன்னொரு காரணம் உண்டு, அது கொஞ்சம் கனமானது. 1984 ஆகஸ்டில் போலந்தில் தொடங்கி 1985 ஜூலையில் கலிஃபோர்னியாவில் முடிந்த 'வேர்ல்ட் ஸ்லேவரி' சுற்று 331 நாட்களில் 187 கச்சேரிகள். அதை முடித்தபோது குழுவில் எல்லோரும் நார் நாராக இருந்தார்கள். டிக்கின்சன் அடுத்த ஆல்பத்துக்கு மெல்லிய கிட்டாரோடு பாடும் பாட்டுகளை எழுதிக்கொண்டு வந்தார், குழு ஏற்கவில்லை. 1986இல் வந்த 'சம்வேர் இன் டைம்' ஆல்பத்தில் அவர் எழுதிய பாட்டு ஒன்றுகூட இல்லை. அந்த அளவு ஓடுகிறவர்களுக்கு வரிசை என்பது பற்றிக்கொள்ளும் கைப்பிடி. எந்த நாட்டில், எந்த நேர மண்டலத்தில் இருக்கிறோம் என்பது மறந்தாலும் மூன்றாவது பாட்டுக்கு அப்புறம் நான்காவது பாட்டு. இப்போதோ வயது வேறு சேர்ந்துவிட்டது. டிரம் வாசிக்கும் நிக்கோ மெக்பிரெய்னுக்கு 2023 ஜனவரியில் பக்கவாதம். அவ்வாண்டு மே மாதமே மேடையில் உட்கார்ந்தார். 2024 டிசம்பரில் சாவ் பாவ்லோவில் கடைசியாக வாசித்துவிட்டுச் சுற்றுகளிலிருந்து விலகினார். எழுபது வயதைத் தாண்டியவர் 'த ட்ரூப்பர்' வேகத்தில் காலை உதைக்கும்போது, அதையே ஏன் உதைக்கிறீர்கள் என்று கேட்பதற்கு ஊடும் தலைவிக்கும் நா எழாது.

இனி மிக முக்கியமான சான்று. இதை நான் எதிர்த்தரப்புச் சான்றாகவே தருகிறேன், ரசிக மரபினர் பொறுத்தருள வேண்டும்.

2006இல் 'எ மேட்டர் ஆஃப் லைஃப் அண்ட் டெத்' ஆல்பம் வந்தது. பத்துப் பாட்டு, ஒரு மணி நேரத்துக்கும் மேல், போரும் மதமும் சாவும். அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் தொடங்கிய சுற்றில் குழு அந்த ஆல்பத்தை முதலிலிருந்து கடைசி வரை, அப்படியே, ஒரு பாட்டையும் விடாமல் மேடையில் வாசித்தது. அதற்குப் பிறகே ஐந்து பழையன. ஐம்பதை ஒட்டிய வயதுக்காரர்கள் அடங்கிய, எந்த நிரூபணமும் தேவைப்படாத ஒரு குழு செய்த துணிச்சல் அது. எந்தப் புதுமையைக் கேட்டு ரசிகன் பல்லைக் கடித்தானோ அதைத் தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். பலன்? பழைய பாட்டைப் போடு என்று கூட்டத்தில் கத்தல் எழுந்தது. பீர் கடையில் வரிசை நீண்டது. இதை ஒட்டி எழுந்ததே அடுத்த நூற்பா:

புதுப்பாட் டென்ப பொதுவிடம் போதற்கு
ஒதுக்கிய பொழுதென உணரற் பாற்றே.

பொதுவிடம், கழிப்பறை. மேலுரை வேண்டாம். அடுத்த ஆண்டு அந்தச் சுற்றின் இரண்டாம் பகுதியில் புதிய ஆல்பத்துக்குப் பாதி இடம்தான். 'நம்பர் ஆஃப் த பீஸ்ட்' வெளிவந்து இருபத்தைந்து ஆண்டு ஆனதைக் கொண்டாடுகிறோம் என்று ஒரு காரணத்தையும் கண்டுபிடித்துக்கொண்டார்கள். பாவம், அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது.

ஆகவே திரும்பத் திரும்ப வருவதற்குக் குழுவின் சோம்பல் காரணம் அன்று. கூட்டத்தில் ஒவ்வொருவனும் தனித்தனியே புதியதைக் கேட்கிறான். ஐம்பதாயிரம் பேர் சேர்ந்ததும் பழையதைக் கேட்கிறார்கள். தனித்தனியே கேட்டது மேடைக்குக் கேட்பதில்லை. தலைவன் செய்த தவறென்று நாம் எழுதி வைத்திருப்பதில் பெரும்பகுதி தலைவியின் கையெழுத்து.

அலெக்சாந்தர் இயல்

இருந்தும் குழுவை முழுதாக விடுவிக்க எனக்கு மனம் வரவில்லை. அதற்குக் காரணம் மாசிடோனிய மன்னன்.

'சம்வேர் இன் டைம்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டு 'அலெக்சாண்டர் த கிரேட்'. எட்டரை நிமிடம். எழுதியவர் ஹாரிஸ். அந்த ஆல்பத்துக்கென்று நடந்த சுற்றிலும் வாசிக்கவில்லை. அதற்கடுத்த சுற்றிலும் இல்லை. எண்பதுகளைத் திரும்பக் காட்டியபோதும் இல்லை. மெய்டன் ரசிகர்கள் இருவர் சந்தித்தால் பேச்சு எப்படியும் ஒரு கட்டத்தில் அங்கேதான் வந்து முட்டும். அலெக்சாந்தர் கிரேக்கத்திலிருந்து கிளம்பிப் பாரசீகத்தை வென்று பியாஸ் நதிக்கரை வரை வந்து, திரும்பி, பாபிலோனில் செத்துப்போக எடுத்துக்கொண்ட காலம் பதினோரு ஆண்டு. அவனைப் பற்றிய பாட்டு ஸ்டுடியோவிலிருந்து மேடைக்கு வர எடுத்துக்கொண்டது முப்பத்தேழு ஆண்டு.

2023 மே 28, ஸ்லோவேனியாவின் லூப்லியானா. 'ஃப்யூச்சர் பாஸ்ட்' சுற்றின் முதல் இரவு. அன்று வாசித்தார்கள். உள்ளே இருந்தவர்கள் அழுதார்கள் என்று எழுதினால் மிகை ஆகாது. அழாதவர்கள் படம் பிடித்துக்கொண்டிருந்திருப்பார்கள். அந்தச் சுற்றின் வரிசையை ஆராய்ச்சிக் கண்ணோடு பார்க்க வேண்டும். 'ரன் டு த ஹில்ஸ்' இல்லை. 'நம்பர் ஆஃப் த பீஸ்ட்' இல்லை. 'ஹாலோவ்ட்' இல்லை. பதினைந்து பாட்டில் பத்து, இரண்டே ஆல்பங்களிலிருந்து: 1986இன் 'சம்வேர் இன் டைம்', 2021இன் 'செஞ்சுட்ஸு'. ஆம், எடியும் இருட்டும் கொடியும் இருந்தன, நூற்பா பொய்க்கவில்லை. ஆனால் வானம் இடிந்து விழவில்லை, யாரும் காசைத் திருப்பிக் கேட்கவில்லை, வாக்கன் வயலில் சேற்றோடு நின்றவர்கள் கேட்டதும் இதே வரிசையைத்தான்.

2006இன் பிழை முழுதும் புதியதாக இருந்தது. மற்றச் சுற்றுகளின் பிழை முழுதும் பழகியதாக இருப்பது. நடுவே பழையதாகவும் அதே நேரம் கேட்காததாகவும் இருக்கும் பாட்டுகள் ஒரு களஞ்சியம் நிறைய இருக்கின்றன. அந்தக் களஞ்சியத்தின் கதவு திறக்கும் என்று லூப்லியானாவில் தெரிந்துவிட்டது. திறக்கும் என்று தெரிந்த பிறகு மூடி வைத்திருப்பதுதான் ஊடலுக்கு உண்மையான காரணம்.

விடைபெறுதல் பற்றிய சிற்றியல்

சலிப்பைத் தீர்க்கச் சில குழுக்கள் வேறு வழி கண்டிருக்கின்றன: போய்வருகிறோம் என்று சொல்வது. ஆஸி ஆஸ்போர்ன் 1992இல் இனிச் சுற்றுப்பயணமே இல்லை என்ற பொருளில் பெயர் வைத்து ஒரு சுற்று நடத்தினார். சில ஆண்டுகளில் ஓய்வு வெறுப்பேற்றுகிறது என்ற பொருளில் பெயர் வைத்து மறு சுற்று. ஸ்கார்ப்பியன்ஸ் 2010இல் விடைபெறத் தொடங்கினார்கள், இன்னும் விடைபெற்று முடியவில்லை. ஸ்லேயர் 2019 நவம்பரில் முடித்துக்கொண்டு 2024இல் வந்துவிட்டார்கள். ஜூடாஸ் ப்ரீஸ்ட் 2011இல் தொடங்கிய சுற்றுக்குக் கல்லறை வாசகம் என்று பெயரிட்டு, அப்புறம் வரிசையாக ஆல்பங்கள் வெளியிட்டார்கள். இவர்களோடு ஒப்பிட்டால் மெய்டனுக்கு ஒரு நேர்மை உண்டு. போகிறேன் என்று சொன்னதில்லை. கல்யாண வீட்டில் கையைக் கழுவிவிட்டு, அப்புறம் பாயசம் வருகிறதா என்று நிற்கும் வேலையை அவர்கள் செய்யவில்லை.

புறனடை

இதுவரை கூறியவை சுற்று வந்து சேரும் ஊர்களுக்கு. வராத ஊர்களுக்குத் தனி விதி.

2007 மார்ச் 17 அன்று மெய்டன் முதன்முறையாக இந்தியாவில் வாசித்தார்கள், பெங்களூரு அரண்மனை மைதானத்தில். சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் கறுப்புச் சட்டைகள் ரயிலேறிப் போயின. 2008 பிப்ரவரி 1இல் மும்பை. டிக்கின்சனே ஓட்டி வந்த போயிங் 757 விமானத்தின் உலகச் சுற்று அங்கேதான் தொடங்கிற்று. 2009 பிப்ரவரியில் மறுபடி பெங்களூரு. அதன் பிறகு பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. அதே பாட்டை வாசிக்கிறார்கள் என்று நம்மூர் ரசிகன் வருத்தப்படுவது, வராத தலைவன் வந்தால் எப்படிப் பேசுவான் என்று இப்போதே முகத்தைத் திருப்பிக்கொள்வது. மருதத்து ஊடலும் நெய்தலின் இரங்கலும் இங்கே மயங்கின. இலக்கணிகள் இதைத் திணைமயக்கம் என்று அமைதி கூறுவர். இந்த ரசிகனுக்கு 'ஃபியர் ஆஃப் த டார்க்' பத்தாயிரம் முறை வந்தாலும் சரி, ஓசூரைத் தாண்டி ஒரு முறை வந்தால் போதும்.

2025 மே மாதம் புடாபெஸ்ட்டில் ஐம்பதாம் ஆண்டுச் சுற்று தொடங்கியது. முதல் ஒன்பது ஆல்பங்கள் மட்டும், 1980 முதல் 1992 வரை என்று வேலி போட்டுவிட்டார்கள். வேலிக்குள்ளே கஞ்சத்தனம் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 'கில்லர்ஸ்' வந்தது, 'மர்டர்ஸ் இன் த ரூ மார்க்' வந்தது, பதின்மூன்று நிமிடத்துக்கு மேல் ஓடும் 'ரைம் ஆஃப் தி ஏன்ஷியன்ட் மரினர்' திரும்பி வந்தது. கைபேசியைப் பையில் வைத்துவிட்டுக் கண்ணால் பாருங்கள் என்று மேலாளர் வேண்டுகோள் விடுத்தார். வெளியூர் ஆராய்ச்சியாளர் தலையில் மண். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒன்பது ஆல்பங்கள் பன்னிரண்டு ஆண்டில் வந்தவை. வேலிக்கு வெளியே நிற்கும் எட்டு ஆல்பங்கள் 1995 முதல் 2021 வரை இருபத்தாறு ஆண்டில் வந்தவை. ஐம்பது ஆண்டைக் கொண்டாடும் விழாவில் பின்பாதிக்கு இலை போடவில்லை.

வேலிக்கு வெளியே நிற்பவற்றுள் 2015இன் 'எம்பயர் ஆஃப் த க்ளவுட்ஸ்' ஒன்று. டிக்கின்சன் பியானோவில் எழுதியது. பதினெட்டு நிமிடம், இக்குழு பதிவுசெய்தவற்றில் மிக நீண்டது. அந்த நேரத்தில் 'ரன் டு த ஹில்ஸ்' பாட்டை நான்கு முறை வாசித்துவிட்டுத் தண்ணீரும் குடிக்கலாம் என்பதாலோ என்னவோ, அது மேடை ஏறவே இல்லை. 1930 அக்டோபரில் ஃபிரான்சில் விழுந்து எரிந்து 48 உயிர்களைக் கொண்டுபோன ஆர்101 என்ற பிரிட்டிஷ் ஆகாயக் கப்பலின் கதை அது. அந்தக் கப்பல் கிளம்பியது இந்தியாவுக்கு. கராச்சி அப்போது இந்தியா.

ஆகையால் திரு. ஹாரிஸ் அவர்களுக்கும் திரு. டிக்கின்சன் அவர்களுக்கும் இவ்வாராய்ச்சியின் வேண்டுகோள் இது. மூலவரை அசைக்க வேண்டாம். இருட்டுப் பாட்டையும் விட்டுவிடுங்கள். அதைக் கூட்டம் பார்த்துக்கொள்ளும். கொடி ஆடும் இடத்தை மட்டும் ஓர் இரவுக்குக் காலி செய்து, அந்தப் பதினெட்டு நிமிடத்தை வாசியுங்கள். ஸ்பிட்ஃபயர் வேண்டாம், நெருப்பு வேண்டாம், ஒரு பியானோ போதும். அதை பெங்களூரில் வாசிப்பதாக இருந்தால் டிக்கெட் விலையை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். பேரம் பேச மாட்டோம்.